அந்த முகம் யாருடையது? பினாங்கு மரபுக் கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கண்காட்சிக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்கள் கூடத்தின் முதல் அறையில் ஓர் உருவப்படமும் ஒரு கையொப்பமும் ஒரே சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருக்கின்றன. கீழே நான்கு மொழிகளில் ஒரே வாசகம்: "பினாங்கின் நிறுவனர் கேப்டன் பிரான்சிஸ் லைட், உருவப்படமும் கையொப்பமும்." இந்த வாசகத்தில் பாதிதான் நிற்கும். கையொப்பம் அவருடையது. முகம் அவருடையது என்பதற்குச் சான்று இல்லை. சென்ற ஆண்டே இதை உங்களுக்கு எழுதினேன். "படம் காப்பகத்திலிருந்து உரிய அனுமதியுடன் பெறப்பட்டது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இப்போது அதே படம், அதே கையொப்பத்தோடு, பள்ளிகளுக்கு நீங்கள் அனுப்பும் சிறுநூலின் அட்டையிலும் ஏறிவிட்டது. தனிக் கடிதத்துக்குப் பயன் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் அனுமதி வாங்கினீர்களா என்று நான் கேட்கவே இல்லை. வாங்கியிருப்பீர்கள், கட்டணமும் கட்டியிருப்பீர்கள். படத்தில் இருப்பவர் யார் என்றுதான் கேட்டேன். காப்பகம் ஒரு படத்துக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறது என்றால், அந்தப் படம் தன்னிடம் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. யாரோ கொடுத்தார்கள், கொடுத்தவர் சொன்ன பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். பல படங்களின் பின்கதை அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சரிபார்க்க வேண்டியவர் படத்தைச் சுவரில் மாட்டுகிறவர். அதாவது, நீங்கள்.

பிரான்சிஸ் லைட் உயிரோடு இருந்த காலத்தில் அவரைப் பார்த்து வரையப்பட்ட, ஐயத்துக்கு இடமில்லாத படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. இது நான் கண்டுபிடித்த புதுச் செய்தி அல்ல. 1936-இல் பிரிட்டிஷ் அரசே எதிர்கொண்ட சிக்கல் இது. பினாங்கில் கொடி ஏற்றி 150 ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட அவருக்கு ஒரு வெண்கலச் சிலை வைக்க முடிவு செய்தார்கள். சிற்பி எஃப். ஜே. வில்காக்ஸன். முகத்துக்கு மாதிரி வேண்டும். தந்தையின் படம் இல்லை. மகன் வில்லியம் லைட்டின் படம் இருந்தது. அதைப் பார்த்துத் தந்தையைச் செய்தார்கள். இன்று கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நிற்கும் சிலை அதுதான். கோட்டைக்கு வரும் பயணிகளுக்கு வழிகாட்டிகள் பல காலமாகச் சொல்லிவரும் செய்தி இது. நானும் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் படத்தை அந்தச் சிலையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலங்கியின் மடிப்பிலிருந்து தலை நிமிர்ந்திருக்கும் விதம் வரை அப்படியே இருக்கிறது. சிலையைப் பார்த்து யாரோ வரைந்த படம் இது என்பது என் கணிப்பு. கணிப்பு தவறென்றால் ஓவியரின் பெயரையும் வரைந்த ஆண்டையும் காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். சரியென்றால் நடந்திருப்பது இது: மகனின் படத்திலிருந்து தந்தையின் சிலை, சிலையிலிருந்து ஒரு சித்திரம், சித்திரம் காப்பகத்துக்குப் போய் எண் பெற்றது, எண் பெற்றதால் அது "உருவப்படம்" ஆனது, உருவப்படம் ஆனதால் அதன் கீழே உண்மையான கையொப்பத்தை வைக்க உங்களுக்குத் துணிவு வந்தது.

மகனைப் பற்றி ஒரு சொல். வில்லியம் லைட் 1786-இல், பினாங்கை அடுத்த கெடாவில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்து, அளந்து, வரைபடம் போட்டவர். அவருக்கு ஓவியமும் கைவந்த கலை. தன்னைத்தானே வரைந்துகொண்ட ஓவியம் அந்த நகரின் கலைக்கூடத்தில் இருக்கிறது. தந்தை ஒரு குடியேற்றத்தை நிறுவினார், மகன் இன்னொன்றை. ஆனால் முகத்தை விட்டுச் சென்றவர் மகன் மட்டும்தான். சரி, மகனின் முகம் என்றால் அதில் பாதி யாருடையது? அவருடைய தாய் மார்ட்டினா ரோசெல்ஸ். போர்த்துகீசிய, சயாமிய வழிவந்தவர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சட்டப்படியான திருமணம் நடந்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. லைட் தம் உயிலில் அவரை, 1772 முதல் தம்மோடு வாழ்ந்தவர் என்று குறிப்பிட்டு, வீட்டையும் நிலத்தையும் எழுதிவைத்தார். அந்தப் பெண்ணின் பெயர் உங்கள் கூடத்தில் எந்தச் சுவரிலும் இல்லை. ஆனால் உங்கள் முதல் அறையில் "ஆங்கிலேய நிறுவனர்" என்று மாட்டியிருக்கும் முகத்தில் அந்த ஆசியப் பெண்ணின் சாயல் எவ்வளவு இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? 1936-இல் அந்தச் சிலையைத் திறந்துவைத்த துரைமார்கள் இதை யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். யோசித்திருந்தால் திரையைக் கொஞ்சம் மெதுவாக இழுத்திருப்பார்கள்.

நான் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஜார்ஜ் டவுனுக்கு வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை, ஆசிரியர்கள் கேட்டால், கோட்டையிலிருந்து சூலியா தெரு வரை நடத்திக் கூட்டிச்செல்கிறேன். உங்கள் கூடமும் வழியில் இருக்கிறது. "வருகிறவர்களுக்கு ஒரு முகம் தேவைப்படுகிறது" என்று உங்கள் ஊழியர் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். அவர் பணிவாகவே பேசினார், அவர்மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் என் அனுபவம் வேறு. அண்மையில் ஆறாம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி அந்தச் சட்டத்தின் முன் நின்று, "அப்போ கேமரா இல்லையே ஐயா, இவர்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். இதைவிட நல்ல வரலாற்றுக் கேள்வியை நான் வகுப்பறையில் அதிகம் கேட்டதில்லை. சிலைக்கு மகனின் முகத்தை மாதிரியாக வைத்த கதையைச் சொன்னேன். பிள்ளைகள் அத்தனை பேரும் படத்தை விட்டுவிட்டுக் கதைக்குத் தாவினார்கள். முகம் இல்லை என்று தெரிந்தால் கூட்டம் குறைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். பிள்ளைகளை இழுத்தது அந்த இல்லாமைதான். உடன் வந்த ஆசிரியை மட்டும் சங்கடத்தோடு கேட்டார்: "தேர்வில் கேட்டால் எதை எழுதச் சொல்வது ஐயா, அட்டையில் இருப்பதையா நீங்கள் சொல்வதையா?" சிறுநூல் அச்சாகிப் பள்ளிக்குப் போய்விட்டால் என் சொல்லுக்கு என்ன மதிப்பு? உங்கள் அட்டைதான் நிற்கும். என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதே கூடத்தில் நீங்கள் கவனத்தோடு நடந்துகொண்ட இடமும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். காட்டை வெட்ட ஆட்களைத் தூண்டுவதற்காக லைட் வெள்ளி நாணயங்களைப் பீரங்கியில் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்ற பழங்கதைக்குக் கீழே "என்று சொல்லப்படுகிறது" என்று போட்டிருக்கிறீர்கள். மிகச் சரி. ஒரு கதைக்குக் காட்டிய அந்த நேர்மை ஒரு படத்துக்கு ஏன் இல்லை? எழுத்தை நாம் சந்தேகிக்கப் பழகியிருக்கிறோம். படத்தைச் சந்தேகிக்க இன்னும் பழகவில்லை.

படத்தை நம்பி ஒரு நாடே ஏமாந்த வரலாறு உண்டு. தென்னாப்பிரிக்காவில் கேப் குடியேற்றத்தை 1652-இல் நிறுவிய ஜான் வான் ரீபெக் என்று சொல்லி ஓர் ஓவியத்தின் முகத்தை அந்த நாட்டின் பணத்தாள்களில் பல பத்தாண்டுகள் அச்சிட்டார்கள். ஓவியம் இருப்பது ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில். பின்னால் ஆராய்ந்து பார்த்தால் அதில் இருப்பவர் பார்த்தலோமியஸ் வெர்மைடன் என்ற வேறொரு மனிதர். அவருக்கும் கேப் குடியேற்றத்துக்கும் தொடர்பே இல்லை. வான் ரீபெக்கின் மனைவி மரியா என்று காட்டப்பட்ட ஓவியமும் இன்னொரு பெண்ணுடையது. ஆம்ஸ்டர்டாம்காரர்கள் ஓவியத்தைக் கழற்றி ஒளித்துவைக்கவில்லை. பெயரைத் திருத்தினார்கள். அதனால் அந்த அருங்காட்சியகத்தின் மதிப்பு ஓர் அணுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கற்பனை உருவங்களே கூடாது என்று நான் வாதாடவில்லை. 2019-இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சிங்கப்பூரை நிறுவியதாக மரபுக்கதை சொல்லும் சங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நம் பினாங்கிலிருந்து கப்பலேறிப் போன நாராயண பிள்ளை ஆகியோருக்குச் சிலை வைத்தார்கள். சங் நீல உத்தமனின் முகத்தைக் கண்டவர் இன்று யார் இருக்கிறார்கள்? அது சிற்பியின் கற்பனை என்பது பார்ப்பவருக்கே விளங்கும். கற்பனையின் கீழே ஓர் உண்மையான கையொப்பத்தை வைத்து, இரண்டையும் ஒரே சட்டத்தில் அடைத்து, ஒன்றின் நம்பகத்தை மற்றொன்றுக்குக் கடன் வாங்கிக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இனி அந்தக் கையொப்பத்துக்கு வருகிறேன். படத்தைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

கையொப்பம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அது எதன் கீழே போட்ட கையொப்பம்? உங்கள் சட்டத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. அதற்கு மேலே இருந்த வரிகளை வெட்டிவிட்டீர்கள். தேதி இல்லை, யாருக்கு எழுதியது என்று இல்லை, மூலத்தாள் எந்த ஊரில் இருக்கிறது என்றும் இல்லை. பெரிய மனிதர்களின் கையொப்பத்தைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டி, கடிதத்தைக் குப்பையில் போடும் பழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் இருந்தது. அவர்களுக்குக் கையெழுத்து ஓர் அலங்காரப் பொருள். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் கண்காட்சிக்கும் அதே ரசனையா? நிலத்தை வாங்கியவரின் கையொப்பத்தை மட்டும் காட்டிவிட்டுப் பத்திரத்தை மறைப்பவரை ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கே பேச்சு நிலத்தைப் பற்றியதுதான். கெடா சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷா இந்தத் தீவைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. வடக்கே சயாம், பர்மா என்று இரண்டு பக்கமும் அச்சம். தரைவழியாக யாராவது படையெடுத்தால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி துணைக்கு வர வேண்டும் என்று கேட்டார். தீவில் துறைமுகம் வந்தால் தம் வணிக வருமானம் போகும், அதற்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய டாலர் வேண்டும் என்றும் கேட்டார். இந்த நிபந்தனைகளுக்கு உறுதியான ஒப்புதல் கைக்கு வருமுன்பே, 1786 ஜூலை 17 அன்று லைட் இங்கே இறங்கினார். ஆகஸ்ட் 11 அன்று கொடி ஏற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரும் வைத்தார். படைத்துணைக்குக் கம்பெனி கடைசிவரை சம்மதிக்கவில்லை. அந்தச் செய்தியைச் சுல்தானிடம் நேராகச் சொல்லாமல் லைட் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தார். பொறுத்துப் பார்த்த சுல்தான் எதிர்க்கரையில் பிறை என்ற இடத்தில் படை திரட்டினார். 1791-இல் லைட் முந்திக்கொண்டு தாக்கி அதைக் கலைத்தார். அதன்பின் எழுதிய உடன்படிக்கையில் 30,000 கேட்டவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 6,000. 1800-இல் எதிர்க்கரையில் ஒரு துண்டு நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அது 10,000 ஆனது. 1821-இல் சயாம் கெடாவுக்குள் புகுந்தபோது துணைக்கு எந்தப் படையும் போகவில்லை. அந்தக் கால சுல்தான் இந்தப் பினாங்குக்கே அடைக்கலம் தேடி வந்தார்.

லைட்டின் கையொப்பத்துக்குப் பொருள் தருவது இந்த வரலாறு. அதைக் கத்தரித்துவிட்டால் மிஞ்சுவது வளைந்து நெளிந்த சில மைக்கோடுகள்.

கத்தரிக்காமல் காட்ட உங்களிடம் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. லைட்டுக்கு வந்த மலாய்க் கடிதங்கள் ஏறக்குறைய 1,200, பதினொரு தொகுதிகளாக லண்டனில், கீழைத்தேய ஆப்பிரிக்கவியல் கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. வில்லியம் மார்ஸ்டன் என்ற அறிஞரின் சேகரிப்பில் சேர்ந்து, கிங்ஸ் கல்லூரி வழியாக அங்கே போனவை. மின்வடிவிலும் கிடைக்கின்றன. ஜாவி எழுத்தில், அதாவது மலாய் மொழியை எழுதப் பயன்பட்ட அரபு வரிவடிவத்தில் எழுதியவை. அனுப்பியவர்களில் சுல்தான்கள், துறைமுக அதிகாரிகள், கடனாளிகள், கடன்காரர்கள் என்று எல்லாத் தரத்தாரும் உண்டு. அரசர்களின் கடிதங்களில் மேலே முத்திரை. இன்று ஃபூக்கெட் என்று உலகம் அறிந்த தலாங் தீவைப் பர்மியர் 1785-இல் முற்றுகையிட்டபோது ஊரைக் காத்துநின்ற சான் அம்மையாரும் லைட்டுக்கு எழுதியிருக்கிறார். முற்றுகை முடிந்த ஊரின் பஞ்சம் பற்றியும், அரிசி பற்றியும், கொடுக்கல் வாங்கல் பற்றியும். அந்த அம்மையாரின் கடிதங்கள் தாய்லாந்து மொழியில் இருக்கின்றன. ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்று அறிய அவருடைய மூக்கின் வடிவம் உதவுமா, அவருக்கு வந்த கடிதங்கள் உதவுமா? உங்கள் கூடத்தில் இவற்றில் ஒரு பக்கத்தின் பிரதிகூட இல்லை. இல்லாத முகத்துக்குச் சட்டம் போட்டீர்கள். இருக்கும் முத்திரைகளுக்கு இடமில்லை.

தமிழர்களைப் பற்றிய உங்கள் பலகையையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். "இந்தியர்களும் வேலை தேடி வந்தனர்" என்று ஒரு வரி; பக்கத்தில் ஒரு மாட்டுவண்டி. லைட்டின் கையொப்பத்தைப் போற்றும் நீங்கள் லைட் எழுதியதையே படிக்கவில்லை என்பதற்கு இந்த வரி சாட்சி. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1794-இல், தீவின் மக்களைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் அவர், சூலியாக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட தமிழக முஸ்லிம்களைத் தனியே குறிப்பிடுகிறார். சோழமண்டலக் கரையின் துறைமுகங்களிலிருந்து வந்து இங்கே இருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில் என்கிறார். அவர்களுக்குக் கடைகள் இருந்தன. கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டுவருகின்றன, அவர்கள் வியாபாரமும் உழைப்புமாய்ச் சிறிது பணம் சேர்த்துத் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றும் சொல்கிறார். அந்தத் தாளின் கீழே இருக்கும் கையொப்பத்தை வைத்திருந்தால் உங்கள் முதல் அறையும் தமிழர் பலகையும் ஒரே தாளில் சேர்ந்திருக்கும்.

நம் தொடர்பு அதற்கும் முன்பே தொடங்குகிறது. பினாங்கின் சூப்பரின்டெண்டன்ட் ஆவதற்கு முன் லைட், மதராஸில் இருந்த ஜோர்டெய்ன், சலிவன், டிசூசா என்ற வணிக நிறுவனத்துக்காகக் கப்பலோட்டியவர். கெடாவில் கால்பதிக்க முதலில் தூது அனுப்பிப் பார்த்ததும் மதராஸ் கோட்டைதான். 1772-இல் எட்வர்ட் மாங்க்டன் வந்து வெறுங்கையோடு திரும்பினார். பிறகுதான் கல்கத்தா. ஆனால் உங்கள் வரைபடத்தில் அம்புக்குறி லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் போய், அங்கிருந்து ஒரே தாவலில் பினாங்கில் இறங்குகிறது. மதராஸும் நாகப்பட்டினமும் வழியில் இல்லவே இல்லை. 1801-இல் காதர் முகைதீன் மரைக்காயர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் உங்கள் கூடத்திலிருந்து நடந்துபோகும் தூரம். செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய பினாங்கு வீதியை எங்கள் பெரியவர்கள் கிட்டங்கித் தெரு என்றே சொன்னார்கள். இவர்களின் கையொப்பங்களும் எங்கெங்கோ பத்திரங்களில், கணக்கேடுகளில் இருக்கின்றன. தேட ஆளில்லை. காப்பகத்துக்குப் போனவர்கள் ஒரே ஒரு பெயரைத்தான் கேட்டார்கள்.

"நிறுவனர்" என்ற பட்டமே பொருந்தாது, லைட் வருமுன்பே இந்தத் தீவில் பத்து உபான் என்ற இடத்தில் ஊரும் பள்ளிவாசலும் இருந்தன என்பவர்கள் உண்டு. அந்தப் பள்ளிவாசலின் தொடக்கத்தை 1734 என்பார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. சிலையையே எடுத்துவிட வேண்டும் என்கிறவர்களும் உண்டு. அவர்களோடு நான் இல்லை. லைட்டைக் கூடத்திலிருந்து வெளியேற்றும்படி நான் கேட்கவில்லை. ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன். 1794 அக்டோபர் 21 அன்று காய்ச்சலில் இறந்த அந்த மனிதர், தந்தையைப் போல மக்களின் நலம் பார்த்தவர் என்று செயின்ட் ஜார்ஜ் தேவாலய வளாகத்தில் உள்ள நினைவு மண்டபக் கல்வெட்டு சொல்கிறது. அதையும் படித்துக் காட்டுகிறேன். சுல்தானை ஏமாற்றியவர், துறைமுகத்தை வளர்த்தவர், வாழ்ந்த பெண்ணுக்குச் சொத்து எழுதிவைத்தவர் எல்லாம் ஒரே ஆள்தான். பிள்ளைகளால் இதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. பெரியவர்களான நமக்குத்தான் ஒரு சட்டம், ஒரு முகம், ஒரு கையொப்பம் என்று சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2036-இல் அந்தக் கொடியேற்றத்துக்கு 250 ஆண்டுகள் நிறைகின்றன. 150-ஆம் ஆண்டில் அவர்கள் மகனைத் தந்தையாக்கினார்கள். 250-ஆம் ஆண்டுக்கு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பது இப்போதே தெரிய ஆரம்பித்திருக்கிறது என்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். சிறுநூலின் அட்டையில் ஏறியது நாளை அஞ்சல்தலையில் ஏறும். அதன்பின் அதைத் திருத்த யாருக்கும் மனம் வராது.

நான் கேட்பவை இவை.

வரும் ஆகஸ்ட் 11-ஆம் தேதிக்குள் அந்தச் சட்டத்தின் வாசகத்தை நான்கு மொழிகளிலும் மாற்றுங்கள். லைட்டைப் பார்த்து வரைந்தது என்று நிறுவப்பட்ட படம் எதுவும் இல்லை என்பதையும், கோட்டைச் சிலைக்கு வில்லியம் லைட்டின் முகமே மாதிரி என்பதையும் அதில் எழுதுங்கள். உங்கள் படத்தை வரைந்தவர் யார், எப்போது, எதைப் பார்த்து என்று காப்பகத்திடம் எழுத்து மூலம் கேட்டு, வரும் பதிலை அப்படியே கூடத்தில் வையுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதி வையுங்கள்.

கையொப்பத்தைப் படத்திடமிருந்து பிரித்து, அது எந்தத் தாளின் கீழே இருக்கிறதோ அந்தத் தாள் முழுவதையும் தேதியோடும் இருக்கும் இடத்தோடும் காட்டுங்கள். நான்கு மொழிகளிலும் அதன் உள்ளடக்கத்தைக் கொடுங்கள். அதன் எதிரே, அதே அளவில், கெடா சுல்தானின் முத்திரை தாங்கிய கடிதம் ஒன்றின் பிரதி இருக்க வேண்டும். லண்டன் நூலகத்திடம் கேட்டுப் பெறுவது உங்களால் ஆகாத காரியம் அல்ல. மார்ட்டினா ரோசெல்ஸின் பெயரும் உயிலில் அவரைப் பற்றி இருப்பதும் முதல் அறையிலேயே இடம்பெற வேண்டும்.

"இந்தியர்களும் வேலை தேடி வந்தனர்" என்ற வரியை எடுத்துவிட்டு 1794 கடிதத்தில் லைட் சூலியாக்களைப் பற்றி எழுதியதைப் போடுங்கள். தமிழ் வாசகத்தை எழுதவும் சரிபார்க்கவும் ஆள் தேவைப்பட்டால் இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். ஊதியம் கேட்க மாட்டோம்.

பள்ளிகளுக்கு இன்னும் அனுப்பாத சிறுநூல்களை நிறுத்திவையுங்கள். அனுப்பியவற்றுக்கு ஒரு திருத்தத் தாளை அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் தலைமையாசிரியர் பெயருக்கு அனுப்புங்கள். அதன் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பினால், என்னிடம் கேட்ட ஆசிரியையிடம் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஜார்ஜ் டவுனில் வாழும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்